வெல்ச்–டிக்கி மொட்டைப் பாறைகள்: இலையுதிர் காலத்தில் ஒரு பகல் நடைக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வெள்ளை மலைத் தேசிய வனத்தின் தென்பகுதியில், வெல்ச், டிக்கி என்று இரண்டு சிறிய மலைகள் ஒட்டி நிற்கின்றன. வெல்ச்சின் உயரம் 2,605 அடி, டிக்கியின் உயரம் 2,734 அடி. இரண்டையும் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுப்பாதையின் நீளம் 4.4 மைல், அதாவது 7 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மொத்த ஏற்றம் சுமார் 1,800 அடி.

"இவ்வளவுதானா, சும்மா போய்விட்டு வந்துவிடலாம்" என்று இந்த எண்கள் நினைக்க வைக்கும். ஆனால் வழியின் நடுப்பகுதியில் பெரும்பாலும் கால் படுவது மண்ணில் அல்ல, சாய்வான வெறும் பாறையில். காய்ந்திருந்தால் அந்தப் பாறை செருப்பைப் பிடித்து நிறுத்துவதுபோல் நிறுத்தும். நனைந்துவிட்டால் அதே இடத்தில் இரண்டு கையையும் ஊன்றித் தவழ வேண்டிவரும். ஆகவே எந்த நாளில் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தப் பக்கமாகச் சுற்றுவது, எங்கே திரும்புவது ஆகிய எல்லா முடிவுக்கும் அடிப்படை ஒரே கேள்விதான்: பாறை காய்ந்திருக்கிறதா? இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போகிறது.

எந்த வாரம், எந்த நாள்

இந்த உயரத்தில் செப்டம்பர் கடைசியில் நிறம் மாறத் தொடங்கி, அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் உச்சத்துக்கு வரும். மேட்டில் முதலில் மாறும், பள்ளத்தாக்கில் சில நாள் கழித்து மாறும். முதலில் செவ்வண்ண மேப்பிள், பிறகு சர்க்கரை மேப்பிளின் ஆரஞ்சு, பர்ச்சின் மஞ்சள், கடைசியாக பீச் மரத்தின் செம்புநிறம். பீச் இலை காய்ந்த பிறகும் கிளையைவிட்டு எளிதில் விழாது. எனவே அக்டோபர் கடைசியில் போனாலும் காடு முழு மொட்டையாக இருக்காது.

நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் நாளைத் தேர்ந்தெடுப்பது சுலபம். பகல் குறையக் குறைய இலையில் உள்ள பச்சையம் சிதைகிறது, ஏற்கெனவே அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி ஒளிந்திருப்பதில்லை. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து அந்தச் சில வாரங்களில் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் சேர்ந்தால் சிவப்பு கனக்கும். அத்தகைய வாரத்தில் பாறையும் காய்ந்தே இருக்கும். நல்ல நிறமும் நல்ல பிடிமானமும் ஒரே வானிலையில் கிடைப்பது இந்த நடைக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

முன்னறிவிப்பில் மூன்றைப் பாருங்கள். முதலாவது, முந்தைய 24 மணி நேரத்தில் மழை பெய்ததா என்பது. இதற்குப் புறப்படும் நாளின் முன்னறிவிப்பு போதாது, முந்தைய நாளின் பதிவையும் பார்க்க வேண்டும். கோடையில் இரண்டு மணி நேரத்தில் காயும் பாறை, அக்டோபரில் சாய்ந்த வெயிலில் அரை நாள் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, இரவின் குறைந்தபட்ச வெப்பம் உறைநிலைக்குக் கீழே போனதா என்பது. மாலை மழையும் அதிகாலை உறைபனியும் அடுத்தடுத்து வந்தால், பாறைமேல் கண்ணாடிபோல ஒரு மெல்லிய பனிப்படலம் படிந்துவிடும். கண்ணுக்கு அது ஈரம்போலத்தான் தெரியும். மூன்றாவது காற்று. மேலே மரம் இல்லாத வெட்டவெளி. ஆயிரம் அடிக்கு 3 முதல் 4 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் குறையும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வெல்ச் உச்சி சுமார் 1,500 அடி உயரம், ஆகவே கீழே 50 டிகிரி என்றால் மேலே 45. அதோடு மணிக்கு 20 மைல் காற்றும் சேர்ந்தால், வியர்த்த முதுகு நடுங்கத் தொடங்கிவிடும்.

அக்டோபர் இரண்டாம் திங்களை ஒட்டிய கொலம்பஸ் தின நீண்ட வார இறுதியைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். பாஸ்டனிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய இடம் என்பதால், அந்த மூன்று நாளும் வண்டி நிறுத்துமிடம் காலையிலேயே நிறைந்துவிடும். செங்குத்தான பாறையில் வரிசையில் நிற்பதும் ஆபத்து. முன்னால் நிற்பவருக்காக, நிற்கத் தோதில்லாத இடத்தில் நீங்களும் நிற்க வேண்டிவரும். வாரநாளில் விடுப்பு எடுக்க முடிந்தால் அதுதான் நல்லது.

நேரக் கணக்கு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் நடப்பவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு இது: மைலுக்கு அரை மணி, ஆயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னொரு அரை மணி. 4.4 மைலுக்கு 2 மணி 12 நிமிடம், 1,800 அடிக்கு 54 நிமிடம். ஆக மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். இது நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். சாப்பாடு, படம் எடுப்பது, பாறையில் மெதுவாகப் போவது எல்லாம் சேர்த்து நாலரை மணி என்று வையுங்கள். குழந்தைகளோ முதல்முறை வருபவர்களோ கூட இருந்தால் ஐந்தரை.

வெளிச்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அக்டோபர் பத்தாம் தேதி வாக்கில் இங்கே மாலை ஆறு மணியைக் கொஞ்சம் தாண்டிச் சூரியன் மறையும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிய பிறகு நாலரைக்கே மறைந்துவிடும். மரங்களுக்குள் அதற்கு அரை மணி முன்பே இருட்டும். காலை ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குள் கிளம்புவது நல்லது. பனி விலகத் தொடங்கியிருக்கும், முதல் பாறையை அடையும்போது வெயில் அதன்மேல் விழுந்திருக்கும், இறங்க நிறைய வெளிச்சம் மிஞ்சும். வார இறுதியில் அந்த நேரத்துக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எட்டு மணிக்கே வந்து, வண்டியிலேயே காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பும் நேரத்தையும் புறப்படும்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் பிற்பகல் ஒன்றரைக்குள் வெல்ச் உச்சியைத் தொடவில்லை என்றால், டிக்கியை விட்டுவிட்டு வந்த வழியே இறங்குவது என்று வைத்துக்கொள்ளலாம். மேலே போன பிறகு இதைப் பேசினால் யாருக்கும் திரும்ப மனம் வராது.

காலணி

மற்ற எதைவிடவும் இதில்தான் கவனம் வேண்டும். ஓட்டப் பயிற்சிக்கான சாதாரண ஷூவின் அடிப்பாகம் நுரைபோன்ற பொருளால் ஆனது. ஈரப் பாறையில் அதற்குப் பிடிமானம் கிடையாது. கனமான தோல் பூட்ஸும் இந்தப் பாதைக்குச் சிறந்ததல்ல. அடிப்பாகம் விறைப்பாக இருப்பதால் சாய்வில் முழுப் பாதமும் பதியாமல் ஓரம் மட்டுமே தொடும். மென்மையான ரப்பர் அடியுள்ள, வளைந்துகொடுக்கும் மலைநடை ஷூதான் பொருத்தம்.

அலமாரியில் சில வருடம் கிடந்த ஷூவை அப்படியே மாட்டிக்கொண்டு வராதீர்கள். அடியில் உள்ள ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் கொஞ்சமாவது பதிந்து மீண்டால் நல்லது. பிளாஸ்டிக் போலக் கல்லாக இருந்தால், பற்கள் தேயாமல் இருந்தாலும் அந்த ஷூ பாறைக்கு உதவாது. அடிப்பாகத்தை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறதா என்று முன்பக்கத்தை வளைத்தும் பாருங்கள். நடு வழியில் அடிப்பாகம் கழன்று தொங்கினால், எஞ்சிய வழி முழுக்கச் சிரமம்தான்.

அளவு சரியா என்று பார்க்க, சரிவான பலகையிலோ படிக்கட்டின் விளிம்பிலோ கீழ்நோக்கி நில்லுங்கள். கால்விரல் முன்பக்கம் இடித்தால் இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும். கணுக்கால் அருகே உள்ள கடைசித் துளையில் நாடாவை ஒரு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நாடாவை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் நகராது. இறக்கம் தொடங்கும் முன் இப்படிக் கட்டிக்கொள்ளுங்கள்.

உடையும் பையும்

பருத்தி வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி உடம்போடு ஒட்ட வைத்துக்கொள்ளும், காற்று பட்டதும் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளிச் சட்டை, அதன்மேல் ஃபிளீஸ் என்ற கதகதப்பான செயற்கை இழைச் சட்டை, பையில் காற்றும் மழையும் புகாத மேற்சட்டை. ஏறத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் உடை அதிகம் என்று அர்த்தம், பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். முதல் பாறையில் காற்று படும் முன்பே, மரங்களுக்குள் நின்று ஃபிளீஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கான பையில் இருக்க வேண்டியவை: தண்ணீர் 2 லிட்டர், குல்லாய், மெல்லிய கையுறை, மாற்றுக் காலுறை ஒரு ஜோடி, புதிய மின்கலத்தோடு தலையில் மாட்டும் விளக்கு (ஹெட்லாம்ப்), காகித வரைபடம், விசில், முதலுதவிப் பொருள்கள், கூடவே 3 அங்குல அகல மீள்கட்டு ஒன்று, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, தீப்பெட்டி அல்லது லைட்டர், சிறு கத்தி, பெரிய குப்பைப்பை ஒன்று. மழையில் பைக்கு உறையாகவும், அடிபட்டு உட்கார நேர்ந்தால் உடம்பைச் சுற்றிக்கொள்ளவும் அந்தக் குப்பைப்பை உதவும். எல்லாம் சேர்த்து ஐந்து கிலோவுக்குள் அடங்கும். போனில் உள்ள விளக்கை ஹெட்லாம்புக்கு மாற்றாக நினைக்காதீர்கள். பாறையில் இறங்க இரண்டு கையும் வேண்டும்.

அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, ஷூவுக்கு மேல் மாட்டும் எஃகு முள்சங்கிலியையும் எடுத்துச் செல்லுங்கள். பனி உள்ள இடத்தில் மட்டும் அதை மாட்ட வேண்டும். வெறும் பாறையில் முள் கீறிக்கொண்டு வழுக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, குளிரில் விறைத்த விரலால் எடுத்துச் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. எலுமிச்சைச் சாதமும் புளியோதரையும் கெடாது, ஆனால் கையுறையைக் கழற்றி, கை கழுவி, டப்பாவைத் திறந்து என்று நேரம் ஆகும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிச் சுருட்டிய சப்பாத்தி இரண்டு, கடலை மிட்டாய் நாலு, ஒரு வாழைப்பழம் போதும். பையின் வெளிப்பக்க அறையில் ஒரு கடலை மிட்டாயைத் தனியாக வையுங்கள். சின்ன பிளாஸ்கில் சுக்குக் காபியும் இருந்தால் உச்சியில் கூடுதலாகக் கால் மணி நேரம் உட்காரலாம்.

பையிலோ உடையிலோ பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் ஒன்று இருக்கட்டும். இலையுதிர் காலம் இங்கே வேட்டைக் காலமும்கூட. கரடி வேட்டை செப்டம்பரிலேயே தொடங்கிவிடும், மான் வேட்டைக்குத் துப்பாக்கிகள் நவம்பரில் அதிகமாக வெளியே வரும். பழுப்பு, வெள்ளை நிற உடைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

போய்ச் சேர்வது

ஐ-93 நெடுஞ்சாலையில் 28-ஆம் வெளிவழியில் இறங்கி, மாநிலச் சாலை 49-இல் வாட்டர்வில் பள்ளத்தாக்கை நோக்கிப் போக வேண்டும். சில மைல் கழித்து இடப்பக்கம் மேட் ஆற்றைக் கடந்து அப்பர் மேட் ரிவர் சாலை, அதிலிருந்து ஆரிஸ் சாலை, அதன்மேல் அரை மைலுக்குச் சற்று அதிகமாகப் போனால் வலப்பக்கம் வண்டி நிறுத்துமிடம். ஒரு நாளைக்குக் கட்டணம் 5 டாலர். அங்குள்ள பெட்டியில் உறையை எடுத்து விவரம் எழுதி, பணத்தைப் போட்டு, கிழித்த துண்டை வண்டியின் முன்கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். சரியான சில்லறையோடு வாருங்கள். தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்தர அட்டை இருந்தால் இங்கும் செல்லும். குடிதண்ணீரை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிளம்பும் முன் போனில் வரைபடத்தை இறக்கிவைத்து, போனை விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோட்) மாற்றிவிடுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். தேடித் தேடியே மின்கலம் தீரும், குளிரில் இன்னும் சீக்கிரம் தீரும். போனைப் பையில் அல்ல, சட்டையின் உள்பையில் வையுங்கள். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் அழைப்போம் என்று வீட்டில் ஒருவருக்குச் செய்தி அனுப்புங்கள்.

இந்த மாநிலத்தில் மலையில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பது மீன், வனவிலங்குத் துறையின் பொறுப்பு. அலட்சியத்தால் மாட்டிக்கொண்டார்கள் என்று முடிவானால் மீட்புச் செலவைக் கட்டச் சொல்லலாம். ஆண்டுக்கு 25 டாலருக்கு, குடும்பத்துக்கு 35 டாலருக்கு, 'ஹைக் சேஃப்' அட்டை ஒன்றை அந்தத் துறை தருகிறது. வைத்திருப்பவர்களிடம் அலட்சியத்துக்கான மீட்புச் செலவை வாங்குவதில்லை. அந்தப் பணம் மீட்புப் பணிக்கே போகிறது என்பதால், அடிக்கடி நடப்பவர்கள் வாங்கிவைப்பது நல்ல பழக்கம்.

முதல் கட்டம்: காட்டுக்குள் 1.3 மைல்

வண்டி நிறுத்துமிடத்தைவிட்டு உள்ளே நுழைந்தவுடனே பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் வெல்ச்சுக்கும் இடப்பக்கம் டிக்கிக்கும் போகும். வலப்பக்கம் போங்கள். செங்குத்தான பெரும் பாறைகள் வெல்ச் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் ஏறுவது, இறங்குவதைவிடப் பாதுகாப்பு. ஏறும்போது அடுத்த அடி வைக்கும் இடம் கண்ணுக்கு நேரே இருக்கும், வழுக்கினாலும் கைகள் முன்னால் ஊன்றும். தெற்கு பார்த்த முகடு என்பதால் காலை வெயிலும் அதன்மேல் விழும்.

ஒரு சிற்றோடையைத் தாண்டி, அதன் ஓரமாகச் சிறிது தூரம் ஏறி, பிறகு பாதை சட்டென்று வலப்பக்கம் திரும்பி மேலேறும். இலை மூடிய பாதையில் இந்தத் திருப்பத்தைக் கவனிக்காமல் ஓடையோடே நேராகப் போய்விட வாய்ப்பு உண்டு. மரங்களில் மஞ்சள் பெயின்ட் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே நடங்கள். ஐம்பது அடி எடுத்து வைத்தும் அடுத்த மஞ்சள் கண்ணில் படவில்லை என்றால், மேலே போய்த் தேடாமல், கடைசியாகப் பார்த்த அடையாளத்துக்குத் திரும்பி வந்து சுற்றிலும் பாருங்கள். மேப்பிள் இலைகளே மஞ்சளாக இருக்கும் காலத்தில் பெயின்ட் எளிதில் கண்ணுக்குத் தப்பும்.

உதிர்ந்த இலைகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. வேர் இருக்கலாம், உருளும் கல் இருக்கலாம், ஈரப் பாறை இருக்கலாம். பாதத்தைத் தட்டையாக வைத்து, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குறுக்கே கிடக்கும் ஈர வேரை மிதிக்காமல் தாண்டுங்கள். பட்டை உரிந்த வேர், சோப்புக்கட்டி போல வழுக்கும்.

இரண்டாம் கட்டம்: முதல் பாறை, முடிவெடுக்கும் இடம்

ஏறத்தாழ 1.3 மைலில் காடு விலகி, அகலமான தட்டைப் பாறைக்கு வந்துவிடுவீர்கள். கீழே மேட் ஆற்றுப் பள்ளத்தாக்கு, எதிரே சாண்ட்விச் மலை. நிறம் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் இங்கு வரை வந்து திரும்பினாலே வந்த பயணத்துக்குப் பலன் கிடைத்துவிடும். சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கு இதையே இலக்காக வைக்கச் சொல்லுவோம்.

பாறையில் அங்கங்கே தீவுபோலக் கொஞ்சம் மண்ணும், அதில் பாசியும் வெண்சாம்பல் நிற லைக்கனும் குறுஞ்செடிகளும் இருக்கும். அவற்றில் கால் வைக்கவே கூடாது. விரலளவு மண் சேர இங்கே பல பத்தாண்டுகள் ஆகும். ஒரு பூட்ஸ் திருகினால் அது பெயர்ந்து அடுத்த மழையில் போய்விடும். வெறும் பாறையில் மட்டும் நடங்கள், உட்காருங்கள், பையை வையுங்கள்.

இங்கேதான் பாறையைச் சோதிக்க வேண்டும். விழுந்தாலும் ஆபத்தில்லாத ஒரு சிறு சாய்வைத் தேர்ந்தெடுத்து ஒரு காலை முழுப் பாதமாக வைத்து, பாரத்தை ஏற்றி, முன்பாதத்தை லேசாகத் திருகிப் பாருங்கள். கரகரவென்று பிடித்தால் பாறை தயார். ஓசையில்லாமல் நழுவினால் ஈரம் இருக்கிறது. நிறமும் சொல்லும்: வெளிறிய சாம்பல் என்றால் காய்ந்தது, கருஞ்சாம்பல் என்றால் ஈரம். மேலிருந்து கீழாக ஓடும் கருங்கோடுகள் நீர் வழிந்து பாசி பிடித்த தடங்கள். அவை காய்ந்திருப்பதுபோலத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். முதல் பாறையே நழுவினால் மேலே உள்ளவை இன்னும் செங்குத்து. இங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்த வழியே இறங்குங்கள்.

மூன்றாம் கட்டம்: வெல்ச் உச்சி வரை

அடுத்த அரை மைலுக்குமேல் பாறைதான். கைத்தடிகள் இருந்தால் மடக்கிப் பையில் கட்டிவிடுங்கள். மணிக்கட்டில் தொங்கும் தடி பாறை இடுக்கில் சிக்கி ஆளை இழுத்துவிடும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: பயத்தில் பாறையை நோக்கிச் சாய்ந்துகொள்வது. சாய்ந்தால் இடுப்பு பாறைப் பக்கம் போகும், பாரம் பாதத்தின்மேல் நேராக இறங்காமல் அதைப் பின்னுக்குத் தள்ளும், ஷூ நழுவும். நிமிர்ந்து நின்று, இடுப்பைப் பாதத்துக்கு நேர் மேலே வைத்தால், பாரம் முழுவதும் ரப்பரைப் பாறையோடு அழுத்தும். பயத்துக்கு எதிராக உடம்பைப் பழக்குவதுதான் பாறை நடையின் முக்கால் பங்கு. அடி சிறியதாக இருக்கட்டும். குதிகால் தரையிலிருந்து எழும்பாமல் முழுப் பாதமும் பதியட்டும். கண் இரண்டு அடி முன்னால் சின்னக் குழி, வெடிப்பு, வெள்ளைப் படிகக் கோடு எங்கே என்று தேடட்டும். அரை அங்குலக் குழி போதும், அதில் முன்பாதம் உட்கார்ந்தால் படிக்கட்டு மாதிரிதான். செங்குத்து கூடினால் நேராக ஏறாமல் குறுக்கும் நெடுக்குமாகப் போங்கள். கையை ஊன்றுவது சமநிலைக்கு மட்டும். உடம்பைக் கையால் இழுத்து ஏற்றாதீர்கள்.

குழந்தை ஏறும்போது பெரியவர் ஒருவர் எப்போதும் அதற்குக் கீழே இருக்க வேண்டும். மேலிருந்து கை கொடுத்து இழுத்தால் இருவரும் சமநிலை இழப்பார்கள். கீழிருந்து, "வலது காலை அந்தக் குழியில் வை கண்ணா" என்று இடத்தைச் சொல்லிக்கொண்டே, பாதத்துக்குப் பின்னால் கையைத் தாங்கலாக வைத்தால் போதும்.

உச்சி நெருங்கும்போது குட்டையாக வளைந்து வளைந்து நிற்கும் பைன் மரங்களைப் பாருங்கள். அவை ஜாக் பைன். இந்த மாநிலத்தில் மிகச் சில இடங்களில்தான் இது தானாக வளர்கிறது. இரண்டிரண்டாகச் சேர்ந்த குட்டை ஊசியிலை, கிளையோடு ஒட்டி வளைந்த காய். காயின் செதில்கள் பிசினால் இறுக மூடியிருக்கும். தீயின் சூடு பட்டால்தான் பெரும்பாலும் பிசின் உருகி விதை வெளியே வரும். பிடிமானத்துக்காக இந்த மரக்கிளைகளைப் பிடித்துத் தொங்காதீர்கள். வேர் பாறை வெடிப்பில் விரல்நீளம்தான் இறங்கியிருக்கும், மரமும் போகும், நீங்களும் போவீர்கள்.

வெல்ச் உச்சியில் காற்றுக்கு மறைவான பாறை ஓரம் பார்த்து உட்காருங்கள். உட்கார்ந்த உடனே மேற்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், குளிர்ந்த பிறகு அல்ல.

நான்காம் கட்டம்: நடுப்பள்ளமும் டிக்கியும்

வெல்ச்சிலிருந்து டிக்கி அரை மைல். ஆனால் இந்தச் சுற்றில் மிகக் கவனம் வேண்டிய நூறு அடிகள், வெல்ச் உச்சியை அடுத்து வரும் இறக்கத்தில்தான் இருக்கின்றன. வடக்கு பார்த்த பக்கம் என்பதால் வெயில் படாது. தெற்குப் பக்கம் காய்ந்து கிடக்கும் நாளிலும் இங்கே ஈரமோ, அக்டோபர் கடைசியில் பனிப்படலமோ இருக்கலாம். மேலே நின்று முதலில் முழு இறக்கத்தையும் கண்ணால் நடந்து பாருங்கள். முட்டியை மடக்கி, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவு முன்னால் சாய்ந்து இறங்குங்கள். பின்னால் சாய்ந்தால் குதிகால் மட்டும் தொட்டு, கால் முன்னே பறக்கும். உயரமான படிபோல் வரும் இடங்களில் பாறையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல இறங்குங்கள். உட்கார்ந்து சறுக்குவது கடைசி வழி. சறுக்கத் தொடங்கினால் நிறுத்துவது உங்கள் கையில் இல்லை. இறங்கும்போது குழந்தைக்கு முன்னால் பெரியவர் போக வேண்டும்.

பள்ளத்தில் மரங்கள் வரும். அதைத் தாண்டியதும் மறுபடி ஒரு பெரிய சாய்பாறை ஏற்றம். அங்கங்கே கற்குவியல்கள் வழிகாட்டும். நீங்களாகக் கல் அடுக்கி வைக்காதீர்கள். மூடுபனி நாளில் அடுத்து வருபவர் அதை நம்பி வழி தப்புவார். டிக்கி உச்சிக்குச் சற்று முன்னால் வலப்பக்கம் பிரியும் குறுந்தடத்தில் போனால் வடக்குப் பக்கப் பாறை. தெளிந்த நாளில் ஃபிராங்கோனியா முகடு நீளமாகத் தெரியும். அக்டோபரில் அந்த உயரத்தில் சில நாள்கள் வெண்பனியும், கீழே பள்ளத்தாக்கில் ஆரஞ்சுமாக ஒரே பார்வையில் கிடைக்கும்.

ஐந்தாம் கட்டம்: இறக்கம், இரண்டு மைல்

விபத்துகளுக்கு ஏற்ற இடம் இதுதான். கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது என்ற நினைப்பும், களைத்த தொடையும், மாலைச் சாய்வெயில் கண்ணில் அடிப்பதும் ஒரே நேரத்தில் வரும். டிக்கி உச்சியில் ஏதாவது சாப்பிட்டு, ஷூ நாடாவை முன்பு சொன்னபடி இறுக்கிக் கட்டிவிட்டு இறங்குங்கள்.

தென்மேற்கு முகட்டில் பாறைகளும் மரங்களும் மாறி மாறி வரும். இடப்பக்கம் வெல்ச்சின் முழுப் பாறை முகமும் தெரியும், காலையில் ஏறிய கோட்டை விரலால் காட்டலாம். இறங்கும் இந்த முகட்டில் ஓரிடத்தில் பாதை ஒரு நீண்ட பாறையின் மேல் ஓரத்தில் போகும். இடப்பக்கம் செங்குத்துச் சரிவு. பாதை அகலமானதுதான். ஆனால் படம் எடுக்கப் பின்னோக்கி நடக்கிற பழக்கம் இங்கே உயிருக்கு உலை வைக்கும். நின்று எடுங்கள், விளிம்பிலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளி நில்லுங்கள். காய்ந்த இலைகள் விளிம்பில் குவிந்திருந்தால் அதன்கீழ் பாறை இருக்கிறதென்று எண்ணாதீர்கள்.

அதன்பிறகு அகன்ற இலை மரக்காடு. இலைகள் கணுக்கால் அளவு கிடக்கும். கைத்தடியை இப்போது எடுத்து, அடி வைக்கும் முன் குத்திப் பார்த்துக்கொண்டே நடங்கள். கடைசியில் பழைய மரம் வெட்டும் பாதையில் சேர்ந்து இடப்பக்கம் திரும்பினால் சிறிது நேரத்தில் வண்டி நிறுத்துமிடம்.

ஏதாவது தவறினால்

கணுக்கால் பிசகினால் ஷூவைக் கழற்றாதீர்கள். கழற்றினால் வீக்கத்தில் திரும்பப் போட முடியாது. ஷூவுக்கு மேலேயே மீள்கட்டை எட்டு வடிவத்தில் சுற்றுங்கள். நாலு அடி ஊன்றி நடக்க முடிந்தால் தடியின் துணையோடு மெதுவாக இறங்கலாம். முடியாவிட்டால் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். பள்ளத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் வெட்டவெளிப் பாறையில் கிடைக்க வாய்ப்பு உண்டு. அழைப்பில் குரல் விட்டு விட்டுக் கேட்டால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பாதையின் பெயர், கடைசியாகக் கடந்த உச்சி, அடிபட்டவர் நிலை, எத்தனை பேர் என்பதைச் சொல்லிவிட்டு அங்கேயே இருங்கள். விசிலை மும்மூன்று முறை ஊதுவது உதவி கேட்கும் குறி.

கூட வருபவரின் நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், பை ஜிப்பைத் திறக்க விரல் வராவிட்டால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடம்புச் சூடு இறங்கும்போது முதலில் தெரிவது இவைதான். காற்றுக்கு மறைவாக உட்காரவைத்து, ஈரச் சட்டையை மாற்றி, குப்பைப்பையைப் போர்த்தி, இனிப்பும் சூடான பானமும் கொடுங்கள். நடுக்கம் நின்று நடை சீரான பிறகே இறங்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாத அளவு நினைவு மங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உதவிக்கு அழையுங்கள்.

வண்டிக்கு வந்த பிறகு

வீட்டில் காத்திருப்பவருக்கு முதலில் செய்தி அனுப்புங்கள். பிறகு உண்ணி தேடுங்கள். குளிர் வந்தால் உண்ணி போய்விடும் என்பது தவறு. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் வளர்ந்த பருவம், அக்டோபர், நவம்பரில்தான் அதிகமாக வெளியே வருகிறது. வளர்ந்ததே எள்ளளவுதான் இருக்கும். முட்டியின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டை இறுகும் இடம், காதின் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எதுவும் வேண்டாம். இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் அந்தத் தேதியோடு மருத்துவரைப் பாருங்கள்.

போட்டிருந்த துணிகளை வீட்டுக்குப் போனதும் துவைக்கும் முன்பே உலர்த்தும் இயந்திரத்தில் பத்து நிமிடம் அதிகச் சூட்டில் சுழலவிடுங்கள். சூடில்லாத தண்ணீரில் துவைத்தால் உண்ணி சாகாது, வறண்ட சூட்டில் சாகும். ஷூவைத் தண்ணீரில் தேய்த்து மண்ணைப் போக்கி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். ஹீட்டர் அருகே வைத்தால் பசை இளகும், ரப்பர் இறுகும், அடுத்த அக்டோபரில் அதே ஷூ பாறையில் நிற்காது.